சிலாவத்துறையிற் கற்ற பாடம்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, எதை எழுதுவது என்று சில நாள் மயங்கினோம். கல்லூரி அன்னையின் பெருமையைப் பேசுதற்கு எம்மினும் மூத்த பழைய மாணவர் பலர் உளர். விளையாட்டு வீரரையும் விழாக்களையும் நினைவுகூர்தற்கு வேறு பலர் உளர். தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும், மன்னார்க் கரையிலுள்ள சிலாவத்துறையில் யாம் பணிபுரியும் காலத்தில் ஒரு மாணாக்கனுக்கு யாம் இழைத்த தவறும், அதனின்று யாம் கற்ற பாடமுமே நெஞ்சில் முந்தி நிற்கின்றன. அவை ஆங்கிலம் பேசுவதைப் பற்றியன. தமிழாசிரியன் ஆங்கிலத்தைப் பற்றி எழுதுவதா என்று வியப்போர் இறுதிவரை பொறுத்தருள்க.

சிலாவத்துறை, மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், முசலிப் பிரிவில் உள்ள ஊர். சலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்கும் சொல். சலாபத்துறை என்பதே சிலாவத்துறை ஆயிற்று என்பர். பருவந்தோறும் பல நாட்டுக் குளியாளரும் வணிகரும் வந்து கூடிய கரை இது. முத்தின் வருவாய் நோக்கியே ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்புக் கடலோரத்தில் தமக்கொரு மாளிகை கட்டுவித்தார். அதன் இடிந்த சுவர்களை இன்று ஊரார் அல்லிராணி கோட்டை என்று அழைக்கின்றனர். முத்துக்குளிப்பு மறைந்தொழிந்தது. கடலும் கடற்றொழிலும் எஞ்சி நிற்கின்றன.

இவ்வூர் மக்கள் பட்ட துயரமும் சிறிதன்று. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இப்பகுதி முஸ்லிம் குடும்பங்களும் புத்தளம் முதலிய இடங்களுக்கு ஏகின. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னரே பலர் மீண்டனர். எம் மாணாக்கரின் பெற்றோருட் பலர் புத்தளத்தில் வளர்ந்தவர். அவர்கள் சிங்களத்தைத் தட்டுத் தடையின்றிப் பேசுவர். மீன் ஏற்ற வரும் லொறிக்காரரோடு விலை பேசி வாதிடும் ஒருவரை நோக்கி, "இந்தப் பாஷையை எங்கே படித்தீர்கள்?" என்று ஒருமுறை வினவினோம். "படிக்கிறதா மாஸ்டர்? சந்தையில பேசாட்டி அன்றைக்குச் சோறு இல்லை. பிழையாத்தான் பேசினோம். பேசப் பேச வந்திட்டுது" என்றார் அவர். அவ்விடையின் ஆழம் அன்று எமக்குப் புலப்படவில்லை.

யாம் பணியாற்றும் பாடசாலையில், காலைக் கூட்டத்தின்போது கிழமைக்கு ஒரு நாள், ஒரு மாணாக்கர் ஒரு நிமிட நேரம் ஆங்கிலத்திற் பேசவேண்டும் என்றொரு முறை ஏற்பட்டது. நோக்கம் நன்று. பெயர் சொல்லி அழைக்கப்படுவோர் ஏதேனும் ஒரு கட்டுரையை மனனம் செய்து ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவர். ஒரு நாள் தரம் எட்டில் பயிலும் ஒரு சிறுவனின் முறை வந்தது. கடற்றொழிலாளி ஒருவரின் மகன். தமிழ்ப் பாடவேளையில் முதற்குரல் அவனுடையதே. செய்யுளைப் பிறர் கூசி நிற்கையில் எழுந்து இசையோடு வாசிப்பான். அன்று அவன் மனனம் செய்து வரவில்லை. வெறுங்கையோடு வந்து நின்று, கூட்டத்தை ஒருமுறை பார்த்து, "மை ஃபாதர் கோ ஸீ" என்று தொடங்கினான்.

மேல்வகுப்பு மாணாக்கரிடையே சிரிப்பு எழுந்தது. அவனருகே நின்றவர் யாமே. சிரித்தவரை அடக்குவதே எம் கடமை. யாமோ புன்னகையோடு குனிந்து, "'வென்ட் டு த ஸீ' என்று சொல், தம்பி" என்று ஒலிபெருக்கியிற் கேட்கும்படி திருத்தினோம். அவன் "வென்ட்... வென்ட்..." என்று இருமுறை சொன்னான். அதற்குமேல் நா எழவில்லை. தலைகுனிந்து தன் வரிசைக்குத் திரும்பினான். மணி அடித்தது, யாவரும் வகுப்புக்குச் சென்றோம். உதவி செய்தோம் என்றே யாம் எண்ணியிருந்தோம்.

அடுத்த தமிழ்ப் பாடவேளையில் அவன் கை உயரவில்லை. அதற்கடுத்த நாளும் உயரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் எழுவான், பிறர்க்குக் கேளாத குரலில் வாசிப்பான், அமர்வான். ஆங்கிலத்தில் நேர்ந்த நாணம் தமிழையும் விழுங்கிற்று. நாணம் பாடவேளை அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. ஒரு மொழியில் ஒருவனைக் கூசச் செய்தால் அவன் வாய் முழுவதும் கூசும் என்பதை யாம் அன்றே அறிந்தோம். தமிழ் வகுப்பின் மிகச் சிறந்த குரலை அவிந்துபோகச் செய்தவர் தமிழாசிரியராகிய யாமே.

இவ்வுண்மையை எம்மினும் நன்கு அறிந்திருக்க வேண்டியவர் வேறு யாவர்? கல்லூரியிற் பயின்ற காலம் எம் நினைவுக்கு வந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இடப்பெயர்வில் புத்தகப் பையோடு தென்மராட்சிக்கு நடந்த தலைமுறை எமது. மண்ணெண்ணெய் விளக்கில் ஆங்கில இலக்கண விதிகளை நெட்டுருச் செய்தோம். காலங்களையும் வினை வடிவங்களையும் எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுவோம். பேசியதோ இல்லை. பின்னர் வேலை தேடிக் கொழும்புக்குச் சென்றபோது, ஓர் அலுவலகத்தின் முகப்பில் இருந்தவர் ஆங்கிலத்தில் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். கேள்வி விளங்கிற்று, விடையும் தெரியும். நா மட்டும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர் சிரித்தாரோ இல்லையோ, சிரித்ததாகவே எமக்குத் தோன்றிற்று. விண்ணப்பத்தைக் கொடாமலே திரும்பினோம். அதன்பின் ஆசிரிய கலாசாலையிற் பயின்று தமிழாசிரியரானோம். தமிழ்மீது கொண்ட காதலால் என்று பிறரிடம் சொல்வோம். அது பொய்யன்று, முழு மெய்யும் அன்று.

சில வாரங்களில் எம் பாடசாலையின் ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். பதிலாள் வரவில்லை. கடினப் பிரதேசப் பாடசாலைகளில் இது புதுமையன்று. தரம் எட்டின் ஆங்கிலப் பாடவேளைகளைச் சிறிது காலம் பொறுப்பேற்குமாறு அதிபர் எம்மை வேண்டினார். மறுக்க வாயெடுத்தோம். அச்சிறுவன் இருந்த வகுப்பு அது என்பது நினைவில் எழவே இசைந்தோம்.

முதல் நாள் வகுப்பில் நின்று, "பிள்ளைகாள், உங்களுக்கு ஆங்கிலம் பேசப் பயம், எனக்கும் பயம். நான் பிழை விட்டால் நீங்கள் சொல்லித் தாருங்கள்" என்றோம். அவர்கள் நம்பவில்லை. ஐந்து வாக்கியம் ஆங்கிலத்திற் பேசினோம். மூன்றாவது வாக்கியத்தில் உண்மையாகவே தடுமாறினோம். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி, "சேர், 'ஹேவ்' இல்லை, 'ஹேஸ்'" என்றாள். "தாங் யூ" என்று சொல்லித் திருத்திக்கொண்டு மேலே பேசினோம். ஆசிரியர் பிழை விட்ட பின்னும் வானம் இடிந்து வீழவில்லை என்பதை வகுப்புக் கண்டது. அன்று நடந்த கற்பித்தல் அவ்வளவே.

அடுத்து, எம்மிடம் இருந்த தமிழறிவையே துணைக்கு அழைத்தோம். இப்பிள்ளைகள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பர். அதற்கே முதலிற் சிரிப்பு எழும். மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்பதும், ரகர லகரங்களும் தமிழில் மொழிமுதலில் வாரா என்பதும் இலக்கணம் பயின்றோர் அறிவர். ராமனை இராமன் என்றும், லாபத்தை இலாபம் என்றும் நம் முன்னோர் எழுதியது அதனாலேயே. 'இஸ்கூல்' என்பதன் முன் வந்து நிற்கும் இகரம், இராமனின் முன் நிற்கும் அதே இகரம். அது மூடத்தனம் அன்று. நா தன் தாய்மொழியின் வழக்கத்தைக் காப்பது. இதை விளக்கியபோது பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது. காரணம் தெரிந்த பிழைக்கு யாரும் கூசுவதில்லை. பின்னர், அந்த இகரத்தை விட்டு, 'ஸ்' என்ற ஒலியைச் சற்று நீட்டித் தொடங்கப் பழக்கினோம். சில நாளிற் பெரும்பாலார்க்குக் கைவந்தது.

'கோ ஸீ' என்பதற்கும் அவ்வாறே காரணம் உண்டு. கடலுக்கு என்னும்போது நான்காம் வேற்றுமை உருபு சொல்லின் பின்னே ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்யும் 'டு' என்பது முன்னே தனித்து நிற்கிறது. பின்னே தேடிப் பழகிய மனம் முன்னே வைக்க மறக்கிறது. கு உருபை இடம் மாற்றி வையுங்கள் என்றபோது எளிதில் விளங்கிக்கொண்டனர்.

இன்னொரு நாள், ஆங்கிலேயர் நம் சொற்களை எவ்வாறு பேசினர் என்பதைக் கூறினோம். நம் கட்டுமரம் அவர் நாவில் 'கட்டமரான்' ஆயிற்று. மிளகுதண்ணீர் 'மலிகட்டானி' ஆயிற்று. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. யாழ்ப்பாணம் 'ஜஃப்னா' ஆயிற்று. திருகோணமலை 'ட்ரிங்கோமலி' ஆயிற்று. அவர் பிழைகள் அகராதியில் ஏறின; நம் பிள்ளைகளின் பிழைகள் மட்டும் நகைப்புக்கு இடமாவானேன்? வகுப்பு நகைத்தது. அந்நகைப்பு யாரையும் காயப்படுத்தவில்லை.

றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரின் வரலாற்றையும் சொன்னோம். 1660 இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டபோது அவர் இருபது வயது நிரம்பாத இளைஞர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே தடுத்து வைக்கப்பட்டார். 1679 இல் தோழர் ஒருவரோடு தப்பி, காடு கடந்து, ஆற்றங்கரை வழியே வந்து அவர் சேர்ந்த இடம் எது தெரியுமா? எம் பிள்ளைகளுக்கு அண்மையிலுள்ள அரிப்பில் அன்றிருந்த ஒல்லாந்தர் கோட்டையே. 1681 இல் இலண்டனில் வெளியான அவர் நூலில் சிங்கள மொழியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அம்மொழியை அவருக்குப் பாடசாலையில் யாரும் கற்பிக்கவில்லை. நெல்லும் உப்பும் வேண்டியபோது பேசினார். பேசிப் பேசிக் கற்றார். "அப்ப எங்கட வாப்பா மாதிரி" என்றான் ஒருவன். லொறிக்காரரோடு வாதிட்டவரின் சொல் அப்போதுதான் எமக்கு முழுதும் விளங்கிற்று. இவ்வூரார் மொழி கற்க அறியாதவர் அல்லர். பசி வந்தபோது ஒரு மொழியை வாயாற் கற்றவர். ஆங்கிலத்தை மட்டும் கற்க இயலாமற் செய்வது எது? சந்தையிற் பிழை விட்டால் விலைதான் சற்றுக் கூடும். வகுப்பிற் பிழை விட்டால் மானம் போகும். வேறுபாடு இவ்வளவே.

ஆகவே மானம் போகாத ஓர் ஒழுங்கை வகுத்தோம். முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லும். குரல்களிடையே கூச்சமுள்ள குரலும் மறைந்து ஒலிக்கும். பின்னர் இருவர் இருவராகப் பேசுவர். அதன்பின் நால்வர் முன்னிலையில் ஒருவர் பேசுவார். தனித்து வகுப்பின் முன் வருவது விரும்பினோர்க்கே. பேசும் பொருள் அவர்கள் வாழ்விலிருந்தே வரும்: வலை, வள்ளம், எஞ்சின், ஐஸ், நண்டு விலை, சோளகக் காற்று. ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் யாரும் திருத்தலாகாது, ஆசிரியரும் திருத்தலாகாது. 'மை ஃபாதர் கோ ஸீ' என்று ஒருவன் முடித்தால், 'ஓ, யுவர் ஃபாதர் வென்ட் டு த ஸீ? வென்?' என்று கேட்பதே ஆசிரியர் செய்யத்தக்கது. சரியான வடிவம் அவன் காதில் விழும். அவன் மானமும் நிற்கும். பொதுவான பிழைகளை, யாருடையவை என்று கூறாது, மறுநாட் கரும்பலகையில் எழுதித் திருத்தினோம்.

காத்திருத்தலையும் கற்றோம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்னும் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் ஒரு வினாடி அளவே என்று கண்டார். அதை மூன்று வினாடிக்கு நீட்டினால் விடைகள் நீளும், பேசாதவரும் பேசுவர் என்பதும் அவர் கண்டதே. மூன்று வினாடி சிறிதெனத் தோன்றும். வகுப்பின் முன் வாய்மூடி நின்று பார்த்தோர்க்கே அதன் நீளம் தெரியும். யாம் கையைப் பின்னே கட்டிக்கொண்டு, விரலால் எண்ணிக் காத்திருந்தோம்.

எம் முறையை எல்லாரும் ஏற்றனர் அல்லர். உடனே திருத்தாவிட்டால் பிழை வேரூன்றும் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் அன்போடு எச்சரித்தார். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. சில பிழைகள் இன்றும் எம் மாணாக்கர் நாவில் நிற்கின்றன. ஆயினும் பேசும் வாயைத் திருத்தலாம். மூடிய வாயைத் திருத்துவது எங்ஙனம்?

அச்சிறுவனோ, கூட்டுக் குரலில் உதடு அசைப்பான், இருவர் பேச்சில் ஓரிரு சொல் உரைப்பான், அதற்குமேல் வரமாட்டான். அவனை யாம் அழைக்கவில்லை. தவணை ஒன்று முடிந்து அடுத்ததும் பாதி கழிந்தது. ஒரு நாள் பாடவேளை முடியச் சில நிமிடங்களே இருக்கையில், "சேர், நான் ஒன்று சொல்லவா?" என்று எழுந்தான். முன்னே வந்தான். எம்மைப் பாராது சன்னலைப் பார்த்து, "மை ஃபாதர் கோ ஸீ" என்று தொடங்கினான்.

அதே வாக்கியம். எமக்கு உடல் சில்லிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவன் மேலே சொன்னான். தந்தை மாலையிற் கடலுக்குப் போனார். எஞ்சின் நின்றுவிட்டது. காற்று வள்ளத்தை வெளியே தள்ளிற்று. இரவு வரவில்லை. காலையும் வரவில்லை. தாய் கரையில் நின்றார். அவனும் நின்றான். காலம் காட்டும் வினை ஒன்றேனும் சரியாக அமையவில்லை. 'டு' வரவேண்டிய இடத்தில் வரவில்லை. வேண்டாத இடத்தில் வந்தது. ஒரு சொல் கிடையாதபோது, "சேர், 'இழுத்துக்கொண்டு' என்ன?" என்று கேட்டான், சொன்னோம், வாங்கிக்கொண்டு நடந்தான். வகுப்பிலே ஒரு மூச்சும் கேட்கவில்லை. தந்தை மீண்டாரா என்பதொன்றே அங்கிருந்த அனைவரின் கவலையும். வேறொரு வள்ளத்தார் கண்டு கட்டி இழுத்துவந்தனர் என்று அவன் முடித்தபோது, பின்வரிசைச் சிறுமி, "வென்?" என்று கேட்டாள். யாம் கற்பித்த அதே கேள்வி. அவன் சொன்ன நாளைக் கேட்டுக் கணக்கிட்டோம். காலைக் கூட்டத்தில் அவன் நின்ற நாளுக்கு முதல் நாள் அது.

அன்று அவன் ஏன் மனனம் செய்து வரவில்லை என்பது அப்போதே தெரிந்தது. தந்தை உயிரோடு மீண்ட செய்தியை ஊருக்குச் சொல்ல அவன் வந்து நின்றான். யாம் 'வென்ட்' என்றோம்.

வகுப்பு முடிந்தபின் அவனை அழைத்து, "அன்று நான் குறுக்கே பேசியது பிழை, தம்பி" என்றோம். "பரவாயில்லை, சேர்" என்றான். மறுநாட் தமிழ்ப் பாடவேளையில் அவன் கை உயர்ந்தது.

இக்கரையில் முத்துக்குளித்தோர் காலிற் கல் கட்டிய கயிற்றோடு இறங்குவர். நீரடியில் ஒரு நிமிடம் அளவே இருப்பர். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். கீழே அசைவு தெரிந்ததும் இழுத்து ஏற்றுவார். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் ஓதுவோரும் இருந்தனர். கடற்கட்டி என்பது அவர் பெயர். அவரின்றிக் குளியாளர் இறங்கார் என்பதால், 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசே அவர்களை அமர்த்தியது. மந்திரம் சுறாவைக் கட்டிற்றோ இல்லையோ, குளிப்பவன் அச்சத்தைக் கட்டிற்று. மேலே நிற்பவர்மீது நம்பிக்கை இருந்தாலன்றி எவனும் ஆழத்தில் இறங்கான். ஆசிரியர் தொழிலும் கயிறு பிடித்து நிற்பதே, நடுவில் இழுப்பதன்று.

இவ்வாங்கிலம் வேண்டற்பாலதா என்று கேட்போர் இருக்கலாம். 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிற்று. எனினும் பொதுப் பரீட்சைகள் நெடுங்காலமாக எழுத்தையே சோதித்து வந்தமையின், பேச்சு வகுப்பறையிற் பின்தங்கிற்று. தென்னிலங்கை மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பர். சிங்களத்தில் அது வாள். மொழியியலறிஞர் திரு கந்தையா 1984 இல் அச்சொல்லையே தலைப்பிலிட்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். வெட்டுவோர் கையில் அது வாள்; நம் பிள்ளைகள் கையில் அது துடுப்பாகலாம். ஆங்கிலம் நம் சமயத்துக்கும் தமிழுக்கும் பகை என்று நம் முன்னோர் கருதினாரல்லர். நாவலர் பெருமானே 1872 இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பொருள் முட்டினால் அது நிலைக்கவில்லை, கருத்து நிலைத்தது. நம் இந்துக் கல்லூரிகள் அக்கருத்தின் வழிவந்தவை.

பழைய மாணவரிடம் யாம் இரந்து கேட்பது பொருள் அன்று. பிறநாடுகளிலும் தலைநகரிலும் ஆங்கிலத்தை நாள்தோறும் பேசும் அன்பர், கரையோரப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளோடு கிழமைக்கு அரைமணி நேரம் தொலைபேசியில் உரையாடுங்கள். பிழையைப் பொறுத்துக் கதையைக் கேளுங்கள். கல்லூரியில் இன்று பயிலும் தம்பிமாரே, தோழன் ஒருவன் தடுமாறும்போது சிரிப்பை அடக்குவது நீவிர் அவனுக்குச் செய்யும் பேருதவி. ஆசிரிய நண்பர்களே, மூன்று வினாடி பொறுங்கள். யாம் பொறாமையால் ஒரு பிள்ளையின் ஆறேழு மாதங்களைப் போக்கினோம்.

எம்மைப் போலக் கூசி நின்ற பலரையும் தாங்கி வளர்த்த கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் மடியிற் பயில்வோர் நா எம்மொழியிலும் அஞ்சாது எழுக.